விமான எரிபொருள் தொட்டிக்குள் இறுகிய சீலன்ட்டை அகற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை வட்டாரத்தில் விமானப் பராமரிப்பு படிக்கும் மாணவர்களும், விமானத் துறைக்குக் கருவிகளும் உதிரிபாகங்களும் செய்துதர முன்வரும் பீளமேடு, கணபதிப் பட்டறைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். விடைகள் பொதுவான நடைமுறையைச் சொல்பவை. குறிப்பிட்ட ஒரு விமானத்தில் கை வைக்கும்போது அந்த விமானத்தின் பராமரிப்புக் கையேடு சொல்வதே முடிவானது; அதில் எரிபொருள் அமைப்புக்கு உரியது 28-ஆம் அத்தியாயம்.

டேங்க்குன்னா தனியா ஒரு டப்பா இருக்குமுங்கல்ல, அதுக்குள்ள எதுக்குங்க சீலன்ட்டு?

சில சிறிய விமானங்களில் தனி அலுமினியத் தொட்டியோ ரப்பர் பையோ உண்டு. பெரிய பயணிகள் விமானங்களிலும் பெரும்பாலான போர் விமானங்களிலும் இறக்கையின் கட்டமைப்பே தொட்டியாக இருக்கிறது. முன் ஸ்பார், பின் ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டு விட்டங்கள்), மேல் தகடு, கீழ்த் தகடு, இரு முனைகளிலும் ரிப் (குறுக்குச் சட்டம்) என இவை சூழ்ந்த இடத்தில் எரிபொருள் நேரடியாக நிரப்பப்படுகிறது. இந்தப் பாகங்களைப் பிணைக்கும் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளும் போல்ட்டுகளும் ஒவ்வொன்றும் ஒழுகக்கூடிய ஒரு துளை. பாகங்கள் சந்திக்கும் ஒவ்வொரு மூட்டும் ஒழுகக்கூடிய ஒரு பாதை.

இவற்றை அடைப்பதற்குச் சீலன்ட் மூன்று விதமாக இடப்படுகிறது. இரண்டு பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பின் நடுவே மெல்லிய படலமாகவும், மூட்டின் ஓரம் நெடுக ஃபில்லெட் எனப்படும் வரப்பாகவும், போல்ட் தலைகளின்மேல் குமிழாகவும் அது இருக்கும். பெரும்பாலும் இது பாலிசல்ஃபைடு ரப்பர். 1920-களில் அமெரிக்காவில் ஜோசப் பேட்ரிக் என்பவர் எஞ்சின் தண்ணீர் உறையாமல் தடுக்கும் திரவம் ஒன்றைச் செய்யப் பார்த்தபோது, எதிலும் கரையாத, கந்தக நாற்றமடிக்கும் இந்தப் பண்டம் கிடைத்தது. எதிலும் கரையாத அந்தக் குணம்தான் இன்றும் இதன் பெருமை; அகற்ற வருபவருக்கு அதுவேதான் தொல்லை.

நல்லா ஒட்டிக்கிட்டுக் கெடக்கறதை எதுக்குங்க நோண்டி எடுக்கோணும்? மேலயே புதுசா அப்பிப்போட்டா ஆகாதுங்களா?

நல்ல நிலையில் உள்ள சீலன்ட்டைத் தொடவே கூடாது. எரிபொருள் கசியும்போது, அடியில் அரிப்பு இருக்கலாம் என்ற ஐயம் எழும்போது, விரிசல் சோதனைக்காக உலோகம் வெளியே தெரிய வேண்டியிருக்கும்போது, போல்ட்டையோ பாகத்தையோ மாற்றும்போது ஆகிய தருணங்களில் மட்டுமே அது அகற்றப்படுகிறது. அப்போதும் தேவையான நீளத்துக்கு மட்டும்.

கசியும் வரப்பின்மேல் புதிய சீலன்ட்டை அப்பினால் கசியும் பாதை அடியிலேயே இருக்கும். பழைய வரப்புக்கும் உலோகத்துக்கும் இடையே ஊறி வரும் எரிபொருள், புதிதாக அப்பியதன் ஓரத்தைச் சென்றடைந்து அதையும் தூக்கிவிடும். ஆரோக்கியமான பழைய பாலிசல்ஃபைடின்மேல், அதைச் சுத்தம் செய்து சற்றுச் சொரசொரப்பாக்கினால், புதிய பாலிசல்ஃபைடு நன்றாகவே ஒட்டும் என்பதும் உண்மை. அதனால்தான் வெட்டி எடுத்த பகுதியின் இரு முனைகளிலும் பழையதைச் சரிவாகச் சீவி, புதியது அதன்மேல் ஏறிப் படியும்படி இடுகிறார்கள்.

தின்னர், அசிட்டோன், இல்லாட்டி பெட்ரோலே ஊத்தி ஒரு ராத்திரி ஊற வச்சா கரைஞ்சு போகாதுங்களா?

பல ஆண்டுகள் எரிபொருளில் மூழ்கிக் கிடப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் பெட்ரோலில் கரையாது. இறுகிய பாலிசல்ஃபைடின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்பில் கோக்கப்பட்டவை. அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் அதைச் சற்று ஊதி மெதுவாக்கும், அவ்வளவுதான். ஆவியானதும் அது பழைய நிலைக்கே திரும்பும். அதற்குள் தொட்டி முழுவதும் தீப்பற்றும் ஆவி நிறைந்திருக்கும். தொட்டிக்குள் எந்தக் கரைப்பானையும் ஊற்றுவதில்லை. துணியில் நனைத்துத் துடைப்பதோடு சரி.

உள்ள எறங்கறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கோணுமுங்க?

சீலன்ட்டைப் பற்றிய எல்லா அறிவையும்விட இதுவே முக்கியமானது. விமானத்துக்கு மண் இணைப்புக் கொடுக்க வேண்டும், மின்சாரத்தைத் துண்டித்துப் பலகை மாட்ட வேண்டும், எரிபொருளை முழுதாக வெளியேற்றி அடித்தேக்கத்தையும் வடிக்க வேண்டும், அதன்பின் காற்றைச் செலுத்தி ஆவியை விரட்ட வேண்டும். ஜெட் எரிபொருளின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது ரிப்களுக்கு இடையிலான மூலைகளில் கீழே தங்கும். ஆகவே வாயுமானியை நுழைவாய் ஓரத்தில் மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு இறங்குவது போதாது. ஒவ்வோர் அறையின் அடியிலும் பார்க்க வேண்டும்.

பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகள் இரண்டு. ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எரியக்கூடிய ஆவி, தீப்பற்றும் கீழ் வரம்பில் (தீப்பற்றத் தேவையான மிகக் குறைந்த அளவில்) 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஜெட் எரிபொருளுக்கு அந்தக் கீழ் வரம்பே காற்றில் ஏறத்தாழ 0.6 முதல் 0.7 சதவீதம்தான் என்பதால், அனுமதிக்கப்படும் அளவு மிகச் சிறியது; அதை மூக்கால் அளக்க முடியாது. மோப்பம் பிடித்து முடிவு செய்யும் பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்து. வேலை நடக்கும் நேரம் முழுவதும் காற்றோட்டமும் அளவீடும் தொடர வேண்டும். ஏனெனில் சீலன்ட்டைக் கிளறும்போது அடியில் தேங்கிய எரிபொருள் வெளிவரும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜெட் ஏ-1 எரிபொருளின் தீப்பொறி வெப்பநிலை (தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழும் வெப்பநிலை) குறைந்தபட்சம் 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. சித்திரை வெயிலில் கரூரும் ஈரோடும் 40-ஐத் தொடுகின்றன. கோவை சற்றுக் குளிர்ந்த ஊர் என்றாலும், திறந்த தளத்தில் நிற்கும் விமானத்தின் இறக்கைத் தகடு காற்றைவிட நன்றாகவே சூடேறும். அந்த நிலையில் தொட்டியில் மிச்சமிருக்கும் எரிபொருள் தானாகவே தீப்பற்றும் ஆவியை எழுப்பிக்கொண்டிருக்கும். இந்த வேலையை நிழலான ஹேங்கருக்குள், இயன்றால் காலை நேரத்தில் தொடங்குவதை நான் எப்போதும் வற்புறுத்துவேன்.

வெளிய ஒருத்தர் சும்மா உக்காந்திருக்காருங்களே, அவருக்கு என்னங்க வேலை?

நுழைவாய்க்கு வெளியே இருப்பவர் சும்மா இருக்கவில்லை. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் தொட்டியின் நுழைவாய் ஏறத்தாழ 25 செ.மீ. அகலமும் 45 செ.மீ. நீளமும் கொண்ட நீள்வட்டம். உள்ளே மயங்கி விழுந்தவர் தாமாக வெளியே வர முடியாது. வெளியே இருப்பவரும் பதறி உள்ளே பாய்ந்தால் இருவராக விழுவார்கள். ஆகவே அவர் உள்ளே நுழையாமல், பேச்சுத் தொடர்பை விடாமல், மீட்புக் குழுவை அழைக்கும் வசதியுடன் அங்கேயே இருக்க வேண்டும். அவரிடம் வேறு வேலை கொடுக்கும் மேற்பார்வையாளரை நம்பி உள்ளே இறங்க வேண்டாம்.

திருப்பூர் பனியன் வேஸ்ட்டு கிலோக் கணக்குல கெடைக்குதுங்களே, அதுலயே தொடைச்சுக்கலாங்களா?

நம் பக்கத்துப் பட்டறைகள் எல்லாவற்றிலும் பனியன் வேஸ்ட்தான் புழங்குகிறது. எஞ்சின் ஆயில் துடைக்க அதைவிட நல்ல துணி இல்லை. தொட்டிக்குள் மட்டும் அதற்கு இடமில்லை. முதல் காரணம் நூல் பிசிறு: வெட்டுத் துண்டின் ஓரத்திலிருந்து உதிரும் இழைகள் எரிபொருளோடு சென்று பம்பின் வலையிலும் வடிகட்டியிலும் சேரும். இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. பின்னலாடைத் துணி மிருதுவாக இருப்பதற்காகச் சாய ஆலையில் கடைசிக் கட்டத்தில் சிலிக்கோன் மென்மையூட்டி ஏற்றுவது வழக்கம். அந்தத் துணியில் கரைப்பானை நனைத்துத் துடைத்தால் சிலிக்கோனின் மெல்லிய தடம் உலோகத்தில் தங்கும்; அதன்மேல் எந்தச் சீலன்ட்டும் பிடிக்காது.

பிசிறு உதிராத, எந்த மெருகேற்றமும் இல்லாத துடைப்புத் துணிகளைக் கையேடு குறிப்பிடும். அவற்றையே வாங்க வேண்டும். உடுப்பைப் பொறுத்தவரை பருத்தி நம் பக்கம் நிற்கிறது. நைலானும் பாலியெஸ்டரும் நிலைமின்சாரத்தைச் சேர்ப்பவை என்பதால், பித்தானும் ஜிப்பும் வெளியே தெரியாத பருத்தி மேலுடையே பொதுவாக அனுமதிக்கப்படுகிறது.

ஹேக்சா பிளேடைச் சாணை புடிச்சு சுரண்டினா வெசையா வருமுங்கல்ல, அதை ஏன் கூடாதுங்கறாங்க?

வேகமாக வரும் என்பதில் ஐயமில்லை. சீலன்ட்டோடு உலோகத்தின் காப்பும் சேர்ந்து வரும் என்பதுதான் சிக்கல். கிளாட் செய்த 1 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு பக்கத்துத் தூய அலுமினிய அடுக்கு சுமார் 0.05 மி.மீ. மட்டுமே; தடித்த பலகையிலிருந்து கடைந்தெடுத்த இறக்கைத் தகடாக இருந்தால், அதன் காப்பான அனோடைஸ் படலம் (மின்வேதி முறையில் ஏற்றிய ஆக்சைடு படலம்) அதைவிட மெலிது. எஃகு விளிம்பு ஒருமுறை சறுக்கினால் அந்தக் காப்பு அங்கே முடிந்தது. தொட்டியின் அடியில் எப்போதும் சிறிது தண்ணீர் சேரும், தண்ணீரும் எரிபொருளும் சந்திக்கும் கோட்டில் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை வளரும், கீறிய இடத்தில் அரிப்பு தொடங்கும்.

அரிப்பைவிட மோசமானது சோர்வு விரிசல். இறக்கையின் கீழ்த் தகடு பறக்கும் நேரமெல்லாம் இழுவிசையில் இருப்பது. ஒவ்வொரு பறப்பிலும் இழுபட்டுத் தளரும் உலோகத்தில் கூரிய கீறல் ஒன்று இருந்தால், விசை அங்கே குவிந்து விரிசல் அங்கிருந்தே கிளம்பும். அந்தக் கீறலின்மேல் புதிய சீலன்ட் மூடிவிடுவதால் அடுத்த முறை யாராவது திறக்கும்வரை அது கண்ணில் படாது. இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படை இதுதான்: சீலன்ட் மறுபடி வாங்கக்கூடியது, இறக்கைத் தகடு அப்படியல்ல. ஆகவே கருவி சீலன்ட்டைவிடக் கடினமாகவும் அலுமினியத்தைவிட மென்மையாகவும் இருக்க வேண்டும். கருவியும் உலோகமும் மோதினால் தேய வேண்டியது கருவி.

எங்க லேத்துல டெல்ரின், நைலான் எல்லாம் ஓட்டறோமுங்க. ஸ்கிராப்பர் செஞ்சு குடுத்தா எடுத்துக்குவாங்களா?

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் சேலமும் இடம்பெற்ற பிறகு இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. அசிட்டால் (நீங்கள் சொல்லும் டெல்ரின்), ஃபீனாலிக், பாலிஅமைடு-இமைடு போன்ற பிளாஸ்டிக்குகளில் ஸ்கிராப்பர்கள் செய்யப்படுகின்றன. வடிவத்தில் கடினம் எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது மூலப்பொருளை. கண்ணாடி இழை கலந்த நைலான் வலுவானது என்று அதைத் தேர்ந்தெடுப்பவர் உண்டு. கண்ணாடி அலுமினியத்தைவிடக் கடினமானது. விளிம்பு தேயத் தேய இழை முனைகள் வெளியே வந்து கோடு கோடாகக் கீறும். மறுசுழற்சிக் கழிவில் வார்த்த பிளாஸ்டிக்கில் மணலும் உலோகத் துகளும் இருக்கலாம்.

இன்னொன்று பட்டறைப் பழக்கம் சார்ந்தது. காலையில் எஃகு கடைந்த அதே லேத்தில் மதியம் டெல்ரின் ஓட்டினால், எஃகுச் சீவல்கள் பிளாஸ்டிக்கில் பதிந்துகொள்ளும். சாணைச் சக்கரத்தில் விளிம்பு தீட்டினால் சாணைத் துகள் பதியும். இயந்திரத்தைத் துடைத்து, இதற்கென்று தனி வெட்டுக் கருவி வைத்து, முடித்தபின் விளிம்பைப் பத்து மடங்கு லென்ஸில் பார்ப்பவருக்குத்தான் இந்த வேலை பொருந்தும். மூலப்பொருளின் சான்றிதழும் தொகுதி எண்ணும் இல்லாமல் எந்தப் பராமரிப்பு நிறுவனமும் வாங்காது.

கையால எடுக்கறப்ப எப்படிங்க புடிக்கறது? ஒரே எடத்துல வழுக்குதுங்க.

நேராகக் குத்தித் தள்ளுவதால்தான் வழுக்குகிறது. முதலில் வரப்பின் நீளத்தில் உங்கள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைக் குறித்துக்கொண்டு, இரு முனைகளிலும் பிளாஸ்டிக் விளிம்பால் குறுக்கே வெட்டிவிட வேண்டும். பிறகு ஒரு முனையின் ஓரத்தைச் சற்று நெம்பி, மழுங்கிய வாயுள்ள இடுக்கியாலோ விரலாலோ பிடித்து, வந்த திசைக்கே மடக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். இழுக்கும்போது ரப்பரும் உலோகமும் பிரியும் இடத்தில் வெளிறிய மெல்லிய கோடு ஒன்று தெரியும். ஸ்கிராப்பரைத் தாழ்ந்த கோணத்தில் அந்தக் கோட்டில் மட்டும் ஊன்ற வேண்டும். இழுவிசை பெரும்பாதி வேலையைச் செய்துவிடும். கருவி வழிகாட்டினால் போதும்.

விளிம்பு மழுங்கியதும் மாற்றிவிட வேண்டும். மழுங்கிய ஸ்கிராப்பரை அழுத்திப் பிடிப்பவர்தான் கடைசியில் பொறுமையிழந்து வேறு எதையாவது கையில் எடுக்கிறார். கருவிகளை உள்ளே கொண்டுபோகும்போது எண்ணி, வெளியே வரும்போது எண்ண வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஏர் டூல் போட்டா ஒட்டுக்கா முடிஞ்சிருமுங்கல்ல?

காற்றழுத்தத்தில் இயங்கும், பிளாஸ்டிக் அலகு பொருத்திய கருவிகள் உண்டு. நீளமான நேர் வரப்புகளில் அவை நல்ல பயன் தரும். மின் மோட்டார் உள்ள கருவி கூடாது என்பதை உள்ளே இறங்குவது பற்றிய விடையைப் படித்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நிறுத்தினால் உராய்வுச் சூட்டில் சீலன்ட் இழுகிப் பூசிக்கொள்ளும்.

தூள் பறப்பது இதன் பெரிய குறை. பி.ஆர். 1422 போன்ற பழைய சீலன்ட்டுகள் டைகுரோமேட்டால் இறுகவைக்கப்பட்டவை. அடியில் உள்ள பிரைமரிலும் (உலோகத்தின் முதல் காப்புப் பூச்சிலும்) பல விமானங்களில் குரோமேட் உண்டு. இவற்றில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. ஆகவே உரிய சுவாசக் கவசமும் காற்றழுத்தத்தில் இயங்கும் உறிஞ்சு கருவியும் இல்லாமல் இக்கருவியை ஓட்டக்கூடாது.

கெமிக்கல் ரிமூவர் இருக்குதுங்கறாங்களே, அதைத் தடவிப்போட்டு வழிச்சு எடுக்கறதுதானுங்களே சுலபம்?

கரைப்பான் கரைக்காததை இந்த வேதிப்பொருள்கள் வேறு வழியில் தாக்குகின்றன. பாலிசல்ஃபைடின் சங்கிலியில் கந்தகமும் கந்தகமும் பிணைந்த கண்ணிகள் உள்ளன. தயோல் வகைச் சேர்மங்கள் அந்தக் கண்ணிகளை அறுத்து, ரப்பரைப் பிசினாக மாற்றிவிடும். கையேடு ஒரு குறிப்பிட்ட பொருளை அனுமதித்திருந்தால், கையால் பெரும்பகுதியை எடுத்தபின் மிஞ்சும் மெல்லிய படலத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது என் பரிந்துரை. தடவியது மூட்டின் இடுக்குக்குள் இறங்கினால், நன்றாக இருந்த உட்படலத்தையும் அரித்துவிடும். அதை வெளியே எடுக்க வழியில்லை. அமிலம் கலந்தவையாக இருந்தால், உயர்வலு எஃகு போல்ட்டுகளுக்குள் ஹைட்ரஜன் ஏறி அவை நொறுங்கும் தன்மை பெறக்கூடும்.

மனித உடலுக்கு ஆகும் கேட்டுக்கு ஆஸ்திரேலிய விமானப்படையின் எஃப்-111 விமானங்களே சாட்சி. குயின்ஸ்லாந்தின் ஆம்பர்லி தளத்தில் 1977-இல் தொடங்கி, அவற்றின் தொட்டிகளில் பழைய சீலன்ட்டை அகற்றிப் புதியது இடும் வேலை பல கட்டங்களாக நடந்தது. எஸ்.ஆர். 51 என்ற தயோல் வகைத் திரவம் அதில் பயன்பட்டது. குளித்தாலும் போகாத நாற்றம், தோல் நோய், நரம்புக் கோளாறு, மனச்சோர்வு எனத் தொழிலாளர்களின் புகார்கள் குவிந்தபின் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வேலை நிறுத்தப்பட்டது. விசாரணைக் குழு 2001-இல் அறிக்கை அளித்தது. அங்கே கவசங்கள் போதாமலும் பொருந்தாமலும் இருந்தன. அவற்றை அணிந்து அந்த வெப்பத்தில் வேலை செய்யவும் இயலவில்லை. குயின்ஸ்லாந்து வெயில் நம் வெயிலுக்குச் சளைத்ததல்ல என்பதால் இதைப் படிக்கும்போது எனக்கு நம் ஹேங்கர்கள்தான் நினைவுக்கு வரும்.

சொட்டற எடத்துல மட்டும் உள்ள எடுத்துட்டுப் புதுசு போட்டாப் போதுமுங்களா?

பெரும்பாலும் போதாது. ஓட்டு வீட்டில் மழைநீர் ஓரிடத்தில் நுழைந்து, சட்டத்தின் வழியே ஓடி, வேறிடத்தில் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்; இறக்கையிலும் எரிபொருள் இரு தகடுகளின் இடுக்கு வழியே நெடுந்தூரம் சென்று வெளிப்படும். வெளியே தெரியும் ஈரம் முடிவிடம். தேட வேண்டியது தொடக்கத்தை. அதற்கு, வெளியே ஈரம் தெரியும் இடத்தில் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்தி, உள்ளே ஐயத்துக்குரிய வரப்புகளில் நுரைத் திரவம் தடவி, எங்கே குமிழி எழுகிறது என்று பார்க்கிறார்கள். குமிழி எழுந்த இடத்தைக் குறித்த பிறகே ஸ்கிராப்பரை எடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னதாக, கசிவு திறக்கும் அளவுக்கு மோசமானதா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, சிவப்புச் சாயம் கலந்த டால்க் தூளைத் தூவி, 30 நிமிடத்தில் நனைந்த பரப்பை அளப்பது வழக்கம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் கையேட்டு முறையில் முக்கால் அங்குலம் வரை கறை, ஒன்றரை அங்குலம் வரை கசிவு, அதற்கு மேல் 4 அங்குலம் வரை கடுங்கசிவு, அதையும் தாண்டினால் ஒழுக்கு. உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் இந்த எல்லைகள் மாறும். காற்றோட்டமுள்ள வெளிப்பரப்பில் ஒரு கறை அடுத்த பெரிய பராமரிப்பு வரை கண்காணிப்பில் விடப்படலாம். மூடிய அறைக்குள் அதே அளவு கறைக்கு விமானம் நிறுத்தப்படலாம்.

சீலன்ட்டு அலுங்காம முழுசா உரிஞ்சு வருதுங்க. நல்லதுதானுங்களே?

இல்லை, இதுதான் நீங்கள் கவலைப்பட வேண்டிய நேரம். நன்றாக ஒட்டிய பாலிசல்ஃபைடு தன் உடம்பில் கிழியும். உலோகத்தின்மேல் மெல்லிய ரப்பர்ப் படலம் எஞ்சும். பளபளவென்று உலோகமோ பிரைமரோ தெரியும்படி முழுதாக உரிந்து வந்தால், அந்த இடத்தில் ஒட்டுதல் தோற்றுப்போயிருக்கிறது. அன்று இட்டவர் சரியாகத் துடைக்காதது, ஒட்டுதலூக்கியை விட்டுவிட்டது, அடியில் அரிப்பு பரவியது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே குறித்த நீளத்தோடு நிறுத்தாமல், இரு பக்கமும் ரப்பர் தன் உடம்பில் கிழியத் தொடங்கும் இடம் வரை அகற்றிக்கொண்டே போக வேண்டும். உரிந்த துண்டின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பிரைமரின் நிறம் ஒட்டி வந்திருந்தால் தோற்றது பிரைமர். வெண்ணிறத் தூள் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்திருக்கிறது. அந்தத் துண்டைக் குப்பையில் போடுவதற்கு முன் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள்.

போல்ட்டுத் தலை மேல குமிழு மாதிரி இருக்கறது ஒழுகாம இருக்கத்தானுங்களே? ஒழுகாத போல்ட்டுக்கு எடுத்ததைத் திருப்பி வைக்கோணுமுங்களா?

கட்டாயம் வைக்க வேண்டும். பல விமானங்களில் அந்தக் குமிழ் ஒழுக்குக்காக மட்டும் இடப்பட்டதில்லை. இறக்கையில் மின்னல் பாயும்போது போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே தீப்பொறி எழக்கூடும். அது தொட்டிக்குள் இருக்கும் ஆவியைத் தொடாமல் தடுப்பது அந்தக் குமிழ்.

1996 ஜூலை 17 அன்று நியூயார்க் அருகே டி.டபிள்யூ.ஏ. 800 போயிங் 747 விமானம் மைய எரிபொருள் தொட்டி வெடித்து விழுந்து 230 பேர் இறந்தனர். அங்கே காரணம் மின்னல் இல்லை. தொட்டிக்கு வெளியே நேர்ந்த மின்கசிவு, எரிபொருள் அளவுமானியின் கம்பி வழியே உள்ளே சென்றிருக்கலாம் என்பதே விசாரணையின் முடிவு. ஆயினும் அதன்பின் 2001-இல் வந்த அமெரிக்க விதிகள், தொட்டிக்குள் தீப்பொறி எழக்கூடிய எல்லா வழிகளையும் மறுஆய்வு செய்ய வைத்தன. அதன் விளைவாக, சில அம்சங்களை எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது என்று கையேடுகள் தனியாகக் குறியிட்டுச் சொல்கின்றன. எடுக்கும் முன் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

சூலூர்ல நிக்கற தேஜஸ் மாதிரி கார்பன் ஃபைபர் எறக்கைன்னா கீறல் பயம் இல்லைங்கல்ல, உலோகமே இல்லையே?

சூலூரில் 2020 மே மாதம் 18-ஆம் படைப்பிரிவு தேஜஸ் விமானங்களோடு செயல்பாட்டுக்கு வந்ததிலிருந்து மாணவர்கள் இதைக் கேட்கிறார்கள். படை விமானங்களுக்கு அவற்றுக்கே உரிய கையேடுகளும் ஆட்களும் உண்டு. நான் பொதுவாக மட்டும் சொல்கிறேன். கார்பன் இழைத் தகட்டில் அரிப்பு வராது, ஆனால் கருவி ஆழமாகப் பாய்ந்தால் சுமை தாங்கும் இழையே அறுபடும். அலுமினியக் கீறலை இழைத்துச் சமன் செய்யலாம். அறுந்த இழையை அப்படிச் செய்ய முடியாது. மேல் அடுக்குகள் பிரிந்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கும். வேதிப்பொருள்களும் ரெசினைத் தாக்கக்கூடும். ஆகவே இங்கே கருவி இன்னும் மென்மையாகவும் கை இன்னும் மெதுவாகவும் இருக்க வேண்டும்.

டிரை ஐஸ் அடிச்சு உறைய வச்சு நொறுக்கலாமுன்னு வீடியோல காட்டறாங்களே?

பாலிசல்ஃபைடு சுமார் மைனஸ் 54 டிகிரி வரை நெகிழ்வோடு இருக்கும்படி செய்யப்பட்டது. அதைவிடக் குளிர்ந்த உலர்பனி அதை விறைக்க வைக்கும் என்பது சரி. அந்தப் பனி கார்பன் டைஆக்சைடாக மாறி, மூடிய தொட்டியில் ஆக்சிஜனைத் தள்ளிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெளியே கழற்றி வைத்த பாகத்துக்கு அது ஒரு முறையாகலாம். ஆள் உள்ளே இருக்கும் தொட்டிக்கு ஆகாது.

கீறல் விழுந்துருச்சுங்க. புதுச் சீலன்ட்டு போட்டா மறைஞ்சுரும், யாருக்குங்க தெரியப்போகுது?

மறைந்துவிடும் என்பதே ஆபத்து என்று பிளேடு பற்றிய விடையில் சொல்லியிருக்கிறேன். கீறலை அறிவித்தால் நடப்பது பெரிய தண்டனை எதுவும் இல்லை. பொறியாளர் அதன் ஆழத்தை அளப்பார். கட்டமைப்புப் பழுதுக் கையேட்டின் எல்லைக்குள் இருந்தால், நீண்ட மென்சரிவாக இழைத்து, விரிசல் சோதனை செய்து, காப்புப் படலத்தையும் பிரைமரையும் மீட்டு, பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுவார். அரை நாள் வேலை கூடும். ஒரு கீறலுக்காக ஆளைக் கூட்டத்தின் நடுவே திட்டும் மேற்பார்வையாளரிடம் அடுத்த கீறலை யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தக் கேள்வி என்னிடம் தனியாக, தாழ்ந்த குரலில் கேட்கப்படுவதற்குக் காரணம் அதுதான்.

எடுத்து முடிச்சாச்சுன்னு எப்படிங்க தெரியும்?

நகத்தால் தடவினால் தட்டுப்படும் எதுவும் இருக்கக்கூடாது. விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் படலத்தின் ஓரம் நிழலாகத் தெரியும். பிரைமரோடு உறுதியாக ஒட்டிய மிக மெல்லிய சாயலைச் சில கையேடுகள் அனுமதிக்கின்றன. அங்கே பிரைமரையும் சேர்த்துச் சுரண்டி எடுப்பதுதான் தவறு. பிறகு கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியாகும் முன்பே உலர்ந்த இன்னொரு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாக உலர விட்டால் கரைந்த அழுக்கு அதே இடத்தில் மறுபடி படியும். வெள்ளைத் துணியில் நிறம் ஏறாதவரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ரப்பர்த் துணுக்குகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். ரிப்களின் அடியில் எரிபொருளும் தண்ணீரும் வழிந்தோடச் சிறு துளைகள் உண்டு. அங்கே அடைத்த ஒரு துணுக்கு தண்ணீரைத் தேக்கும்; மிதந்து சென்ற துணுக்கு பம்பின் வலையில் சேரும். வேலை செய்த அறையோடு, அதிலிருந்து தாழ்வாக உள்ள அறைகளையும் பார்த்துவிட்டே மூடியைப் பொருத்த வேண்டும்.

புதுசு போட்டா எப்ப ரொப்பலாமுங்க? டப்பால பி-2ன்னு போட்டிருக்குது, ரெண்டு மணி நேரத்துல ஆயிருமுங்களா?

எழுத்து சீலன்ட்டின் தன்மையைக் குறிக்கும்: ஏ தூரிகையால் பூசுவது, பி துப்பாக்கியால் வரப்பாக இடுவது, சி படியும் பரப்புகளுக்கு இடையே தடவுவது. எண், கலந்தபின் இடுவதற்கு உள்ள நேரத்தை மணியில் சொல்கிறது. இறுகும் நேரத்தைச் சொல்லவில்லை. அந்த நேரமும் 25 டிகிரி வெப்பத்துக்கும் 50 சதவீத ஈரப்பதத்துக்கும் கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும் என்பதால், 35 டிகிரி உள்ள ஏப்ரல் மதியத்தில் பி-2 உங்கள் கையில் ஒரு மணி நேரமே தாங்கும்.

இறுகுவதற்கு ஈரப்பதமும் உதவுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீசும் ஆடி மாதத்துக்கும் வறண்ட மாசி மாதத்துக்கும் கோவையிலேயே வேறுபாடு தெரியும். ஆகவே கடிகாரத்தை நம்பாமல், அதே கலவையிலிருந்து ஒரு சிறு வில்லையை எடுத்து, தொட்டியின் அருகே அதே சூழலில் வைத்து, அதன் ஷோர் ஏ கடினத்தை (ரப்பரின் கடினத்துக்கான அளவுகோல்) அளக்க வேண்டும். கையேடு சொல்லும் எண்ணை அது எட்டியபின் கசிவுச் சோதனை, அதன்பின் எரிபொருள்.

இதுக்கு லைசன்ஸ் வேணுமுங்களா?

கையால் செய்பவர் பயிற்சி பெற்ற தொழில்நுட்பராக இருந்தால் போதும். மூடிய இடத்தில் நுழையும் பயிற்சியும் மருத்துவத் தகுதியும் அவருக்கு வேண்டும். வேலையைச் சரிபார்த்து விமானத்தைப் பறக்க விடுவிக்கும் கையொப்பம், டி.ஜி.சி.ஏ. எனப்படும் இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் சி.ஏ.ஆர். 66 உரிமம் பெற்ற பொறியாளருடையதாக, சி.ஏ.ஆர். 145 ஒப்புதல் பெற்ற நிறுவனத்தின் வழியே வர வேண்டும்.

எடுத்த சீலன்ட்டையும் துணியையும் எங்கீங்க போடறது?

கரைப்பான் நனைந்த துணியை மூடியுள்ள உலோகத் தொட்டியில் போட்டு, அன்றன்றே ஹேங்கரை விட்டு அகற்ற வேண்டும். குவித்து வைத்த துணி தீக்கு வழி. குரோமேட் கலந்த ரப்பரும் தூளும் அபாயக் கழிவு. அவற்றைத் தனியே கட்டி, பெயரும் தேதியும் எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம் ரசீதோடு ஒப்படைக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரரிடம் ஸ்கிராப்போடு சேர்த்துப் போடுவதும், ஊருக்கு வெளியே பள்ளத்தில் கொட்டுவதும் சட்டப்படி குற்றம். நொய்யல் கரையில் கிணறு வைத்திருப்பவர்களிடம் அதற்கான காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.